லிப்ஸ்டிக் சாயம் + பச்சை லைட் = ஜெல்! சாயத்தை ஏத்தினா ஏன் கெட்டுப்போகுது?

[திரை: கண்ணாடித் தட்டில் ஆரஞ்சுக் கரைசல். பச்சை எல்ஈடி எரிகிறது.]

தட்டைக் கவுத்துப் பாருங்க, ஒரு சொட்டு விழல! சில நிமிஷம் முன்னாடி இது தண்ணி. சூடு பண்ணல, யூவி லைட்டும் இல்ல. வேலை செஞ்சது இயோசின் ஒய், லிப்ஸ்டிக்ல போடற சாயம்.

1954-ல ஜெரால்டு ஆஸ்டர்ங்கிற விஞ்ஞானி இந்த வழியைக் காட்டினார். வரலாறு அவ்வளவு போதும், வேலைக்கு வருவோம்.

சாயம் தனியா எதையும் ஆரம்பிக்காது. 520 நானோமீட்டர் பக்கத்துப் பச்சை ஒளியை உறிஞ்சி, கூட இருக்கிற ட்ரைஎத்தனாலமைன்கிட்ட ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கும். அந்த அமைன் ஒரு புரோட்டானையும் விட்டுட்டு ராடிக்கலா, அதாவது ஜோடியில்லாத எலக்ட்ரானோட சட்டுன்னு வினைபுரியற துகளா மாறும். கரைசல்ல இருக்கிற அக்ரிலேட் மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு கோர்த்து ஜெல்லாகற சங்கிலி வினையைத் தொடங்கறது அதுதான். அமைன் தீக்குச்சின்னா, சாயம் அதை உரசற பெட்டி.

[திரை: தராசு, பிஹெச் மீட்டர்]

10 மில்லிக்கு அளவு சொல்றேன், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க. ட்ரைஎத்தனாலமைன் 0.34 கிராம். பிசுபிசுன்னு இருக்கும், பிப்பெட் வேண்டாம், எடை போடுங்க. 7 மில்லி தண்ணில கரைச்சு, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டா விட்டு பிஹெச்சை 8-க்கு இறக்குங்க. 7-க்குக் கீழ போனா அமைன்ல புரோட்டான் ஏறிடும், எலக்ட்ரான் தராது. இறக்காம விட்டா காரத்துல அக்ரிலேட் எஸ்டர் உடையும். அப்புறம்தான் ஜெல்லா மாறப்போற அக்ரிலேட், அதாவது 700 மூலக்கூறு எடையுள்ள பெக் டைஅக்ரிலேட் 1.5 கிராம், அதோட சேர்ந்து கோர்த்துக்கற சின்ன மூலக்கூறு வினைல் பைரோலிடோன் 40 மைக்ரோலிட்டர். கையில நைட்ரைல் கிளவுஸ் கட்டாயம், அக்ரிலேட் தோலுக்கு ஒவ்வாமை தரும். கடைசியா சிவப்பு லைட்டுல, 10 மில்லிமோலார் இயோசின் கரைசல் 50 மைக்ரோலிட்டர் விட்டு, தண்ணியால 10 மில்லி ஆக்குங்க. சாயம் இப்ப 0.05 மில்லிமோலார்.

"இவ்வளவு கம்மியா? இன்னும் கொஞ்சம் போட்டா சீக்கிரம் கெட்டியாகுமே?" இங்கதான் நிறைய பேர் வழுக்கி விழறாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கும் இதுதான்.

இயோசின் ஒளியை விழுங்கறதுல பகாசுரன். மோலார் உறிஞ்சல் கெழு, அதாவது ஒரு சாயம் ஒளியை எவ்வளவு பலமா விழுங்கும்னு சொல்ற எண், ஏறக்குறைய 1,00,000. 0.05 மில்லிமோலார்ல 1 மில்லிமீட்டர் தடிமனுக்கு உறிஞ்சல் 0.5 வரும். அதாவது மூணுல ஒரு பங்கு ஒளி அடிவரைக்கும் போய்ச் சேரும். இப்ப சாயத்தை 1 மில்லிமோலார் ஆக்குங்க. மேல இருக்கிற 0.1 மில்லிமீட்டரே 90 சதவீத ஒளியைத் தின்னுடும்! ஆடை கட்டின பால் மாதிரி மேல தோல், கீழ தண்ணி. லைட்டோட பவரைக் கூட்டினாலும் சரியா வராது. அடி இறுகறதுக்குள்ள மேல்பக்கம் இறுகிச் சுருங்கிடும். தடிமனா வேணும்னா சாயத்தைக் குறைங்க, இல்லன்னா அடியிலிருந்தும் லைட் கொடுங்க.

அடி நல்லா இறுகி, மேல்பக்கம் மட்டும் பிசுபிசுன்னு இருந்தா காரணம் வேற. காத்துல இருக்கிற ஆக்சிஜன் ராடிக்கலைப் பிடிச்சுடுது. மேல ஒரு கண்ணாடித் தகடு வெச்சு மூடினாலே போதும்.

[திரை: நீலக் கரைசல்]

இது மெத்திலீன் புளூ. இதுக்கு எந்தக் கலர் லைட் வேணும்? நீலம்னு அவசரமா டைப் பண்ணிடாதீங்க. இயோசின் கரைசல் எந்த நிறம், எந்த ஒளியை உறிஞ்சுதுன்னு ஒருதரம் பார்த்துட்டு கமெண்ட்ல போடுங்க.