வட்ட மேசையும் பொதுக் குச்சியும்

வணக்கம் நேயர்களே.

ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு ஹாங்காங்கில் ஒரு கான்டனீஸ், அதாவது தென்சீன, உணவகத்துக்குள் நுழைந்தால், கல்யாண வீட்டில் இரண்டாம் பந்திக்கு இடம் பிடிக்கிற சத்தம் கேட்கும். வட்ட மேசைக்குப் பத்துப் பேர். தாத்தா, பாட்டி முதல் கைக்குழந்தை வரை. அந்த ஊரில் வேலை பார்த்த ஆண்டுகளில், அலுவலக நண்பர்களோடு நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

சாப்பிடப் போகலாம் என்று அவர்கள் அழைப்பதில்லை. 'யம் சா' என்பார்கள். தேநீர் குடிப்பது என்று பொருள். நம் 'தேநீர்' என்ற சொல்லின் 'தே' சீனாவின் ஃபூஜியன் கடற்கரைப் பேச்சிலிருந்து கப்பலேறி வந்தது. குமரி மாவட்டத்தில் சொல்லும் 'சாயா'வோ இந்தச் 'சா'வுக்கு உறவு. இரண்டுமே நம் வாயில் இருக்கின்றன.

உட்கார்ந்ததும் முதல் கேள்வி, எந்தத் தேநீர் என்பதுதான். கறுத்து மண்வாசனை வீசும் போ லேய், மல்லிகைத் தேநீர், செவ்வந்திப் பூ சேர்த்தது என்று பல உண்டு. வந்த சூட்டோடு அதில் கொஞ்சத்தை ஊற்றிக் கோப்பை, கிண்ணம், சாப்பிடும் குச்சி எல்லாவற்றையும் அலசுவார்கள். தலைவாழை இலையில் தண்ணீர் தெளித்துத் துடைக்கிற நம் கை, அதைப் பார்த்ததும் புரிந்துகொள்ளும். குடுவையை எடுப்பவர் மற்ற எல்லாருக்கும் ஊற்றிவிட்டு, தன் கோப்பையைக் கடைசியில்தான் நிரப்புவார். ஊற்றும்போது நன்றி சொல்லப் பேச்சை நிறுத்த வேண்டியதில்லை. இரண்டு விரலால் மேசையை மெல்லத் தட்டினால் போதும். மாறுவேடத்தில் ஊர் சுற்றிய சீனப் பேரரசர் சியென்லோங் தம் பரிவாரத்துக்குத் தேநீர் ஊற்றியபோது, ஊரறிய விழுந்து வணங்க முடியாமல் அவர்கள் விரலை மடக்கித் தட்டினார்களாம். கர்ணபரம்பரைக் கதைதான், ஆனால் மேசைதோறும் இதைச் சொல்வார்கள். குடுவை காலியானால் மூடியைத் திறந்து சாய்த்து வையுங்கள், வெந்நீர் தானே வந்துவிடும்.

மூங்கில் தட்டுகளில் ஆவி பறக்க வரும் சிற்றுண்டிகள்தான் 'திம் சம்'. அதில் ஹார் காவ் என்னும் இறால் கொழுக்கட்டையைக் கையருகே வைத்துப் பாருங்கள். பசை நீக்கிய கோதுமை மாவில் செய்த தோல், உள்ளே இறாலின் இளஞ்சிவப்பு தெரியும் அளவுக்கு மெல்லியது. ஒரு பக்கம் மட்டும் புடவைக் கொசுவம் போல நெருக்கமான மடிப்பு. குச்சியால் தூக்கும்போது கிழியக் கூடாது, கடிக்கும்போது இறால் நறுக்கென்று இருக்க வேண்டும். சமையல்காரரின் கைத்திறனை இதை வைத்தே எடை போடுகிறார்கள்.

எனக்கு முதலில் தடையாக இருந்தது எச்சில். இலைக்கு இலை பிரித்துச் சாப்பிட்டு வளர்ந்தவன், ஒரே தட்டில் பத்துக் குச்சிகள் நுழைவதைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. நண்பர் ஒருவர் அதைக் கவனித்துவிட்டு, பரிமாறுவதற்கென்றே தனியாக இருக்கும் குச்சியை என் பக்கம் நகர்த்தினார். 'கோங் ஃபாய்', அதாவது பொதுக் குச்சி. 2003இல் சார்ஸ் நோய் ஹாங்காங்கை உலுக்கிய பிறகு இந்த வழக்கம் அங்கே வலுப்பெற்றது.

சைவ நேயர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முள்ளங்கிப் பணியாரம் என்று நம்பி எடுப்பதில் உலர்ந்த இறாலும் பன்றி இறைச்சியும் இருக்கும். வெறும் கீரைமேல் சிப்பிச் சாறு ஊற்றியிருப்பார்கள். ஆகவே 'சாய்' என்ற சொல்லை நினைவில் வையுங்கள். பௌத்த மரபின் சைவச் சாப்பாட்டுக்கு அதுவே பெயர். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது நம் அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, சாய் மட்டுமே உண்பவர்கள் அங்கே நிறைய உண்டு.

ஒருமுறை அம்மா தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார். நண்பர்கள் எங்கள் இருவரையும் இரவு விருந்துக்கு அழைத்தார்கள்; ஒரு நண்பரின் தாயாரும் வந்திருந்தார். உணவகத் தொட்டியில் நீந்திய களவா மீனை உயிரோடு மேசைக்கே கொண்டுவந்து காட்டினார்கள். இரண்டு அம்மாக்களும் குனிந்து செவுளையும் கண்ணையும் பார்த்தார்கள். மொழி தெரியாத இருவரும் ஒரே நேரத்தில் தலையசைத்தார்கள்.

மீன் முழுதாக ஆவியில் வெந்து வந்தது. மேலே இஞ்சியும் வெங்காயத்தாளும் நூலாக அரிந்து, காய்ச்சிய எண்ணெயைச் சுரீரென ஊற்றி, சுற்றிலும் சோயா சாறு. புளியில்லை, மிளகாயில்லை. ஒரு பக்கம் தீர்ந்ததும் மீனைப் புரட்ட அம்மா கை நீட்டினார். எல்லாரும் பதறித் தடுத்தார்கள்; மீனைப் புரட்டினால் படகு கவிழும் என்பது மீனவர் நம்பிக்கை. கடல் ஊர்க்காரரான அம்மா சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். நண்பரின் தாயார் பொதுக் குச்சியால் மீனின் கன்னச் சதையை நெம்பி எடுத்து அம்மாவின் கிண்ணத்தில் வைத்தார். விருந்தாளிக்கென்று ஒதுக்கும் பகுதி அது. அம்மா அன்று கற்றுக்கொண்ட இரண்டு விரலால் மேசையைத் தட்டினார்.

வீடு திரும்பும் வழியெல்லாம், எத்தனை நிமிடம் வேகவைத்திருப்பார்கள் என்பதே பேச்சு. எட்டோ ஒன்பதோ நிமிடம் இருக்கும் என்றேன். மறுநாள் காலை எழுந்தபோது அடுப்பின்மேல் இட்லிப் பானை கழுவித் துடைத்து இருந்தது. "இங்கே களவா எந்தச் சந்தையில் கிடைக்கும்?" என்று கேட்டார் அம்மா.

நன்றி, வணக்கம்.