தனக்கு வந்தால் தெரியும்

விழாத் தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவே வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, போன ஆண்டு நான் வராததைப் பொறுத்துக்கொண்டு மறுபடி அழைத்த முதல்வர் அம்மையார் அவர்களே, பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்த மாணவர் பேரவையினரே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் பிள்ளைகளே, வணக்கம்.

எண்டோமெட்ரியோசிஸில் ஹார்மோன் ஏற்பிகள், வளர்ச்சிக் காரணிகள், புதிய மருந்துகள் என மூன்றையும் பேசச் சொன்னார்கள். பார்ப்போம்.

கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு, சூலகத்திலும் குடல் மேலும் வளர்கிற நோய் இது. பிள்ளை பெறும் வயதில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, உலகில் 19 கோடிப் பேருக்கு, இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாதவிலக்கு ரத்தம் கருக்குழாய் வழியே பின்னோக்கிப் போவதே காரணம் என்று 1927இல் அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் எழுதினார். அப்படிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு உண்டு. நோய் சிலருக்குத்தானே வருகிறது? ஹார்மோனின் பேச்சைக் கேட்கும் செல்லின் காதுகளான ஏற்பிகளைப் பார்க்கவேண்டியது அதற்காகத்தான்.

அந்தத் திசுவில், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை உண்டாக்கும் அரோமடேஸ் நொதி இருக்கிறது. சூலகத்தை எதிர்பாராமல் தனக்கு வேண்டிய ஈஸ்ட்ரோஜனுக்குத் தானே உலை வைத்துக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளில் பீட்டா வகை மிகுந்து, அழற்சி கூடுகிறது. அதில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் வலியையும் தருகிறது, அரோமடேஸையும் மறுபடி தூண்டுகிறது. இதை அடக்கவேண்டியது புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோன். அதன் ஏற்பிகள், முக்கியமாக பி வகை, குறைந்துபோனதால் அதன் பேச்சு அங்கே எடுபடுவதில்லை. புரோஜெஸ்டிரோனைப் போல வேலை செய்யும் டையனோஜெஸ்ட் மாத்திரை எல்லோருக்கும் ஒன்றுபோல் கேட்காததற்கு இதுவும் ஒரு காரணம். ரத்தக்குழாய்களை வளர்க்கும் காரணியைப் பிறகு சொல்கிறேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். என்னிடம் வந்த ஒரு மருமகளின் கதை கேளுங்கள். பள்ளி நாளிலிருந்தே மாதாமாதம் சுருண்டு படுப்பாள். “கல்யாணம் ஆனா சரியாயிடும்” என்றார்கள். ஆனது. “ஒரு பிள்ளை பெத்தா சரியாயிடும்” என்றார்கள். பிள்ளைதான் தங்கவில்லை. மாமனார் மட்டும், “ஓமத் தண்ணி குடிச்சுட்டு எந்திரிம்மா” என்பாராம். ஒரு ராத்திரி அவருக்குச் சிறுநீரகக் கல் வலி. தெருவே கூடிவிட்டது! கார், ஊசி, விடியுமுன் ஸ்கேன். “ஓமத் தண்ணி கொண்டு வரட்டுமா மாமா?” என்று மருமகள் கேட்டாளாம், பாவி! (சிரிப்பு) மறுவாரம் அவரே அவளை என்னிடம் கூட்டிவந்து, “இவளுக்கு மாசாமாசம் இப்படியா டாக்டரம்மா?” என்றார். ஸ்கேனில் சூலகத்தில் சாக்லேட் கட்டி, அதாவது இந்த நோயில் பழைய ரத்தம் தேங்கி உண்டாகும் கட்டி. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியுமென்றால், ஆண்களுக்கெல்லாம் கல் வரவேண்டுமா?

புதிய மருந்துகள் இருக்கட்டும். பள்ளியில் வாரம் ஒருநாள் இரும்புச்சத்து மாத்திரை தருகிறோம். அப்போதே, “பீரியட்ஸ் வலியால் போன மாதம் லீவு போட்டாயா?” என்று கேட்டு ஏட்டில் எழுதச் சொல்கிறேன். அடுத்தடுத்து மூன்று மாதம் ‘ஆம்’ வந்தால் அந்தப் பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பவேண்டும். இதற்குத் தனிச் செலவு வேண்டாம்.

தலைவர் கடிகாரம் பார்க்கிறார். வளர்ச்சிக் காரணிகள் தப்பித்தன. நகர்மன்றத் தலைவர் அவர்களே, நகராட்சிப் பள்ளிகளுக்கான மனுவைக் கொண்டுவந்திருக்கிறேன். பேனாவும் வைத்திருக்கிறேன்.