இரண்டு பாட்டுக்கு நடுவில்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூர் செந்தூலில் ரேடியோ, ஆம்ப்ளிஃபையர், வீடியோ டெக் என்று பழுது பார்த்தே காலத்தை ஓட்டியவன் நான். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. சுவரில் பழைய மெத்தை, மேசையில் ஒரு கணினி, இரண்டு ஸ்பீக்கர். பஜனைக் குழுக்கள், உறுமி மேளக் குழுக்கள், பேத்தி பாடிய பாட்டைச் சிடியில் போட்டுத் தரச் சொல்லி வரும் பாட்டிமார், இவர்கள்தான் அந்த அறைக்கு வருகிறவர்கள். வீட்டில் பதிந்த பாட்டைச் சிடியாக்குவது பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். என் வாய்க்குப் பதினைந்து நிமிடம் எந்த மூலைக்கு? சரி, பார்ப்போம்.

இந்தக் காலத்தில் சிடியா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பழைய மைவி காடியில், அதாவது நம் ஊர்ச் சின்னக் காரில், இன்னும் சிடி ப்ளேயர்தான் இருக்கிறது. கைபேசியில் பாட்டைத் தேடி எடுக்கத் தெரியாத அப்பத்தாவுக்குத் தட்டைப் போட்டுப் பொத்தானை அமுக்கத் தெரியும். தைப்பூசம் நெருங்கினால் உறுமி மேளப் பையன்கள் என் கடை வாசலில் வந்து நிற்பதும் நிற்கவில்லை.

வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சிடியை எரிப்பது, அதாவது பர்ன் பண்ணுவது, கணினி பார்த்துக்கொள்ளும் வேலை. 16 மடங்கு வேகத்தில் விட்டால் 80 நிமிடத் தட்டு ஐந்து நிமிடம் சொச்சத்தில் வெளியே வந்துவிடும். அதற்கு முந்தின வேலைக்குத்தான் மாஸ்டரிங் என்று பெயர். பெரிய பெயர், ஆனால் காதும் பொறுமையும் இருந்தால் போதும். பாட்டுகளை வரிசையாக வைத்து, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை நிறுத்தாமல் கேளுங்கள். எந்த இடத்தில் உங்கள் கை வால்யூம் குமிழை நோக்கிப் போகிறதோ, அந்த இடத்தில் திருத்த வேண்டியது இருக்கிறது என்று அர்த்தம். பலர் ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியே நூறு தடவை கேட்டிருப்பார்கள். பத்தையும் சேர்த்து ஒரு தடவைகூடக் கேட்டிருக்க மாட்டார்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: சேர்த்துக் கேளுங்கள்.

என்னிடம் வருகிற எல்லாருக்கும் ஒரே குறைதான். "அண்ணே, சத்தம் பத்தல. கடையில வாங்குற சிடி மாதிரி இடிக்கணும்." இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சிடியில் ஒலியை எண்ணாகத்தான் எழுதுகிறோம். நொடிக்கு 44,100 எண்கள், இடப்பக்கத்துக்கு ஒரு கணக்கு, வலப்பக்கத்துக்கு ஒரு கணக்கு. ஒவ்வொரு எண்ணுக்கும் 65,536 படிகள், அவ்வளவுதான். மேல் படிக்கு மேலே படி கிடையாது. நீங்கள் பாட்டைத் தூக்கிக்கொண்டே போனால் அலையின் உச்சி அந்த இடத்தில் மொட்டையாக வெட்டுப்படும். காதுக்கு அது கரகரப்பாக வந்து சேரும். கேசட் காலத்தில் லெவல் முள் கொஞ்சம் சிவப்புக்குள் போனாலும் நாடா தாங்கிக்கொள்ளும், சில பேருக்கு அந்தச் சூடு பிடிக்கவும் செய்யும். சிடியில் அந்தச் சலுகை இல்லை. ஆகையால் உச்சிக்குக் கீழே ஒரு டெசிபெல்லாவது விட்டுவையுங்கள்.

வெட்டுப்படாமலே சத்தம் கூட்ட லிமிட்டர் இருக்கிறதே என்று தம்பிமார் கேட்பார்கள். இருக்கிறது, தம்பி, நானும் வைத்திருக்கிறேன். உச்சியை அழுத்திவிட்டு மற்றதை எல்லாம் மேலே தூக்கும். கொஞ்சமாகப் போட்டால் நல்லது. அளவு மீறினால் மெல்லிய இடம், ஓங்கிய இடம் என்ற வேற்றுமையே போய்விடும். எல்லா வரியையும் கோடு போட்ட பாடப்புத்தகத்தில் முக்கியமான வரி எது என்று எப்படித் தெரியும்? விருத்தம் மெதுவாக ஏறி வந்து, உறுமி முதல் அடி விழும்போது நெஞ்சு அதிர்கிறது என்றால், அதற்கு முன்னால் ஒலி அடங்கி இருந்ததால்தான். அந்த அடக்கத்தையும் தூக்கி நிறுத்திவிட்டால் அதிர எதுவும் மிஞ்சாது.

அப்புறம் இந்த நார்மலைஸ் பொத்தான். எல்லாப் பாட்டின் உச்சியையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தால் எல்லாப் பாட்டும் ஒரே சத்தமாகக் கேட்கும் என்று நம்புகிறார்கள். கேட்காது. காது உச்சியை அளப்பதில்லை, சராசரியைத்தான் உணர்கிறது. உறுமிப் பாட்டில் குச்சி விழும் அந்தக் கணம் மட்டும் உச்சிக்குப் போகும், மற்ற இடம் தாழ்ந்துதான் இருக்கும். சுருதிப் பெட்டியோடு ஒருவர் நிதானமாகப் பாடுகிற தாலாட்டில் முழுவதும் ஒரே மட்டத்தில் ஓடும். இரண்டையும் நார்மலைஸ் செய்து பக்கத்தில் வைத்தால் தாலாட்டு கத்தும், உறுமி முனகும். கையால் குறைத்து, காதால் ஒப்பிட்டு வைப்பதுதான் வழி. அதுவும் ஸ்பீக்கரை மெதுவாக வைத்துக்கொண்டு செய்யுங்கள். மெதுவாக வைத்தால்தான் பாடுகிறவர் குரல் மேளத்துக்குள் முங்கிப்போவது தெரியும்.

பழுதுக்காரன் என்பதால் நடுவில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அந்த 44,100 எங்கிருந்து வந்தது தெரியுமா? வீடியோ டெக்கிலிருந்து. ஒலியை எண்ணாக மாற்றிப் பதிக்க ஆரம்பித்த காலத்தில், அத்தனை எண்களைத் தாங்குகிற நாடா வீடியோ நாடாதான். படத்தின் ஒவ்வொரு கோட்டிலும் மூன்று எண்கள், 245 கோடுகள், நொடிக்கு 60 தடவை. பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும். பிலிப்ஸும் சோனியும் 1980இல் சிடிக்கு விதி எழுதியபோது அதையே வைத்துக்கொண்டார்கள். 1982இல் ப்ளேயர் விற்பனைக்கு வந்துவிட்டது. நான் தலையெல்லாம் பிய்த்துக்கொண்டு திறந்து மூடிய வீடியோ டெக்குக்கும் இந்தத் தட்டுக்கும் அப்படி ஓர் உறவு இருப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

சரி, கதைக்கு வருகிறேன். இந்தக் கதையைச் சொல்லத்தான் நான் வந்ததே.

ரவாங் பக்கத்து உறுமி மேளக் குழு ஒன்று. பத்துமலைக்குக் காவடியோடு நடக்கும்போது வாசிப்பதை அப்படியே நிறுத்தாமல் பதிந்திருந்தார்கள். பாட்டு மாறும், மேளம் நிற்காது. விரும்பிய பாட்டுக்கு நேரே தாவ வசதியாக இருக்கட்டும் என்று அதை ஐந்து துண்டாக வெட்டி, எங்கேயோ ஒரு கடையில் கொடுத்துச் சிடி போட்டுக்கொண்டார்கள். காவடி எடுக்கிறவர்களைக் கூட்டி வைத்து ஒத்திகை. சிடி ஓடுகிறது. ஆட்டம் ஏறுகிறது. ஒருவருக்கு அருள் வந்து, காலைத் தூக்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து முதல் துண்டு முடிந்தது. அமைதி. இரண்டு முழு விநாடி. தூக்கிய காலை என்ன செய்வது? அப்புறம் மேளம் திடீரென்று மறுபடி தொடங்கியது. குழுத் தலைவர் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். "அண்ணே, சாமி வந்த ஆளுக்கு ரெண்டு செகண்டு லீவு குடுத்திருக்கானுங்க."

நேயர்களே, அந்த இரண்டு விநாடியைப் பாடகர்கள் கேட்டு வைக்கவில்லை. சிடி எழுதும்போது இரண்டு விதம் உண்டு. ஒரு பாட்டை எழுதி, லேசரை நிறுத்தி, அடுத்த பாட்டை எழுதுவது ஒரு விதம். அதற்குப் பெயர் டிராக் அட் ஒன்ஸ். அப்படி நிறுத்துகிற இடத்தில் இரண்டு விநாடி வெற்றிடம் விழும். இன்னொன்று டிஸ்க் அட் ஒன்ஸ். லேசர் உள்வட்டத்தில் தொடங்கி வெளிவட்டம் வரை ஒரே மூச்சில் எழுதும், நடுவில் அணையாது. அதில் எந்த இடத்தில் எவ்வளவு இடைவெளி என்பதை நீங்களே வைக்கலாம், வேண்டாம் என்றால் பூஜ்யம். மென்பொருளில் இந்தப் பெயரைத் தேடி அதையே எப்போதும் தேர்ந்தெடுங்கள்.

தலைவர் கொண்டுவந்த ஐந்து துண்டையும் டிஸ்க் அட் ஒன்ஸ், இடைவெளி பூஜ்யம் என்று எழுதினோம். கேட்டோம். மேளம் நிற்கவில்லை. ஆனால் பாட்டு மாறுகிற இடத்தில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். தலைவருக்குக் கேட்டது. மனிதருக்கு நல்ல காது. "அண்ணே, யாரோ சொடக்குப் போடுறாங்க" என்றார்.

அந்தச் சொடக்குக்கும் காரணம் உண்டு. சிடியில் ஒரு நொடியை 75 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் 588 எண்கள். பாட்டு எதுவும் கட்டத்தின் தொடக்கத்தில்தான் தொடங்க முடியும், நடுவில் முடியாது. நீங்கள் துண்டு வெட்டிய இடம் கட்டத்துக்கு நடுவில் விழுந்தால், மீதிக் கட்டத்தை மென்பொருள் பூஜ்யத்தால் நிரப்பும். ஒரு நொடியில் 75இல் ஒரு பங்குக்கும் குறைவுதான். பஜனைப் பாட்டு முடிந்து சுருதி அடங்கிய பிறகு என்றால் யாருக்கும் தெரியாது. உறுமியில் தெரியும். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது 'ஊம்' என்று ஒரு முனகல் இழுத்துக்கொண்டே போகுமே, அதற்கு நடுவில் ஒரு நூலிழை வெட்டினாலும் காது பிடித்துவிடும்.

என்ன செய்தோம்? துண்டுகளைத் தூக்கிப் போட்டோம். வெட்டாத முழுப் பதிவை எடுத்து, அதன் மேல் பாட்டு தொடங்கும் இடத்துக்கு அடையாளம் மட்டும் வைத்தோம். ஆடாசிட்டி என்று இலவசமாகக் கிடைக்கிறதே, அதில் நேரத்தைச் சிடி கட்டக் கணக்கில் காட்டச் சொல்லலாம். அடையாளத்தைக் கட்டத்தின் எல்லையில் நிறுத்தினால் சொடக்கு போயிற்று. இன்னும் ஒரு நுணுக்கம். அடையாளத்தைச் சரியாக முதல் எழுத்தில் வைக்காதீர்கள், சில கட்டங்கள் முன்னால் வையுங்கள். நேரே அந்தப் பாட்டுக்குத் தாவும்போது சில ப்ளேயர்கள் வாயைத் திறக்க ஒரு கணம் எடுத்துக்கொள்ளும். 'முருகா' என்று பாடியிருப்பார், 'ருகா' என்று கேட்கும்.

தலைவர் கடைசி வரை கேட்டார். பாராட்டு ஒன்றும் வரவில்லை. மேசையில் விரல் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, எனக்கு அது போதும். அப்புறம் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தார்.

நிறுத்தாமல் ஓடும் மேளத்துக்கு இடைவெளி கூடாது என்றால், மற்ற பாட்டுகளுக்கு எல்லாம் இரண்டு விநாடிதான் என்று நினைத்துவிடாதீர்கள். அதையும் கேட்டுத்தான் வைக்க வேண்டும். உருக்கமான பாட்டுக்குப் பிறகு நாலு விநாடி விட்டால் நன்றாக இருக்கும். துள்ளலான திருப்புகழ் இரண்டை அடுத்தடுத்து வைத்தால் ஒரு விநாடிகூட அதிகம். முந்தின பாட்டின் கடைசிப் பகுதியையும் அடுத்ததன் தொடக்கத்தையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். எங்கே அடுத்தது வந்திருக்கலாமே என்று தோன்றுகிறதோ, அங்கே வையுங்கள். சேர்த்துக் கேளுங்கள் என்று சொன்னேனே, அது இதற்குத்தான்.

கோயிலுக்குப் போகிற சிடி என்றால் மோனோவிலும் கேட்டுவிடுங்கள். கோபுரத்தில் கட்டின ஹார்ன் ஸ்பீக்கருக்கு இடப்பக்கம் வலப்பக்கம் எல்லாம் கிடையாது. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துதான் வரும். குரலை அகலமாக்குகிறேன் என்று சில பேர் ஒரு பக்கத்து அலையைத் தலைகீழாக்கி விடுவார்கள். ஹெட்ஃபோனில் பிரமாதமாக இருக்கும். சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டுக் குரல் காணாமல் போகும். மேளம் மட்டும் கோபுரத்திலிருந்து வரும், பாடகரைத் தேட வேண்டியதுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடமாம். எழுதி வைத்திருந்ததில் பாதிக்குமேல் மிச்சம். வேகமாகச் சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பில் ஆடியோவாக வந்த பாட்டைக் கொண்டுவராதீர்கள், அது வழியிலேயே சுருங்கிப்போய்விடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். சிடியில் எழுதினாலும் இழந்த ஒலித்தரம் திரும்பி வராது.

எம்பி3 கோப்புகளை அப்படியே தட்டில் போட்டால் அது பாட்டுச் சிடி ஆகாது. மென்பொருளில் ஆடியோ சிடி என்று தேர்ந்தெடுக்க வேண்டும். முடித்ததும் ஃபைனலைஸ் செய்யுங்கள். செய்யாத தட்டுக்குப் பொருளடக்கம் எழுதப்பட்டிருக்காது, வீட்டு ப்ளேயர் தட்டே இல்லை என்று சொல்லும். அழித்து எழுதுகிற ஆர்டபிள்யூ தட்டும் வேண்டாம், அதன் பளபளப்பு பழைய ப்ளேயருக்குப் போதாது.

தட்டில் பெயர் எழுதும் மேல்பக்கம்தான் மெல்லியது. அடிப்பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் இருக்கிறது. பெயர் எழுதுகிற பக்கத்தில் வெறும் அரக்குப் பூச்சுதான், அதற்கு நேர் கீழே உங்கள் பாட்டு. பால்பாயிண்ட் பேனா கூடாது, மென்முனை மார்க்கர்தான். தாள் ஸ்டிக்கரும் ஒட்டாதீர்கள், சுற்றும்போது எடை ஒரு பக்கம் சாயும். நம் வெயிலில் காடி டேஷ்போர்டில் தட்டை விடவே கூடாது. தட்டு போனாலும் மறுபடி எழுதலாம் என்பதற்கு முழுப் பதிவை வேறு ஒரு டிரைவில் வைத்திருங்கள்.

காப்புரிமை பற்றி ஒரு பக்கமே எழுதி வைத்திருந்தேன். தம்பி தலையை ஆட்டுகிறார். சரி, ஒரே வரி. சினிமா மெட்டில் சாமி பாட்டு எழுதிப் பாடிச் சிடி போட்டு விற்கப் போகிறீர்கள் என்றால், சாமி பாட்டுதானே என்று இருந்துவிட முடியாது, மெட்டுக்கு உரியவரிடம் அனுமதி வாங்க வேண்டும். நம் மலேசியாவில் 1987ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் அதற்கு இருக்கிறது.

நன்றி, வணக்கம்.