ஒரு கிளாஸை மாற்றினால் பக்கம் முழுவதற்கும் ஸ்டைல் கணக்குப் போடுமா?

அடுத்த கேள்விக்கு வருவோம். "பக்கத்தின் உள்ளடக்கம் முழுவதையும் தாங்கும் பாடியில் 'டார்க்' என்று ஒரு கிளாஸ் (ஸ்டைல் விதிகள் அடையாளம் காணும் பெயர்) சேர்க்கிறேன். பக்கத்தில் ஆயிரக்கணக்கில் எலிமெண்ட்கள் இருக்கின்றன. அத்தனைக்கும் பிரவுசர் ஸ்டைலை மறுபடி கணக்கிடுமா? விதி எந்த எலிமெண்ட்டுக்கு என்று சொல்லும் செலக்டர்களைச் சுருக்கி எழுதினால் வேகம் கூடுமா?"

கணக்கிடத்தான் வேண்டும் என்றில்லை. பிரவுசருக்குள் பக்கத்தை உருவாக்கிக் காட்டும் இன்ஜினுடைய கெட்டிக்காரத்தனமே எந்த வேலையைச் செய்யாமல் விடலாம் என்று கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. உங்கள் ஸ்டைல்ஷீட்டில் 'டார்க்'குக்குள் இருக்கும் 'தலைப்பு'க்கு மட்டும் ஒரு விதி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குரோமில் இருக்கும் பிளிங்க் இன்ஜின், இந்தக் கிளாஸ் மாறினால் யார் யாரைத் தொடவேண்டும் என்று முன்கூட்டியே ஒரு குறிப்பு எடுத்து வைத்திருக்கும். கிளாஸ் மாறியதும், பாடிக்குக் கீழே 'தலைப்பு' கிளாஸ் உள்ளவற்றை மட்டும் அடையாளம் போட்டு, அவற்றுக்குத்தான் கணக்குப் போடும். அதே விதியை 'தலைப்பு'க்குப் பதில், எதுவானாலும் சரி என்று பொருள்படும் நட்சத்திரக் குறி போட்டு எழுதியிருந்தால் கதை வேறு. அப்போது உள்ளே இருக்கும் எல்லாமே சிக்கிக்கொள்ளும்.

செலக்டரைச் சுருக்குவது பற்றி: அதை வலமிருந்து இடமாகத்தான் பொருத்திப் பார்க்கிறார்கள். வலக்கோடியில் இருப்பது பொருந்தவில்லை என்றால் அதோடு முடிந்தது. நீளத்தை எண்ணிக்கொண்டிருப்பதில் பெரிய லாபம் இல்லை.

நிஜமாகவே நேரத்தைத் தின்பது பெரும்பாலும் வேறொன்று. மவுஸ் நகரும்போதெல்லாம் ரூட்டில், அதாவது பக்கத்தின் உச்சி எலிமெண்ட்டில், ஒரு சிஎஸ்எஸ் வேரியபிளை (பெயர் வைத்த ஸ்டைல் மதிப்பை) மாற்றுகிறவர்கள் நிறையப் பேர். (நானும் செய்திருக்கிறேன்!) வேரியபிள் உள்ளே இருக்கும் பிள்ளை எலிமெண்ட்களுக்கு வழிவழியாக இறங்கும். அதனால் அது எட்டுகிற எலிமெண்ட்கள் எல்லாவற்றுக்கும் வேலை வந்துவிடும். வேரியபிளை, அதைப் பயன்படுத்தும் எலிமெண்ட்டிலேயே வையுங்கள். அந்த ஒரே எலிமெண்ட்டுக்குத்தான் தேவை என்றால், அட் பிராப்பர்ட்டி விதியில் 'இன்ஹெரிட்ஸ் ஃபால்ஸ்' என்று பதிவு செய்துவிடலாம், கீழே இறங்காது.

2017 நவம்பரில் வந்த ஃபயர்பாக்ஸ் 57, இந்த ஸ்டைல் கணக்கை பிராசஸரின் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தது. ரஸ்ட் மொழியில் எழுதிய ஸ்டைலோ என்ற ஸ்டைல் இன்ஜின் செய்த வேலை அது. நல்ல விஷயம்தான். ஆனால் லூப்புக்குள் ஒரு ஸ்டைலை மாற்றி, உடனே எலிமெண்ட்டின் உயரத்தைச் சொல்லும் 'ஆஃப்செட் ஹைட்' கேட்டால், ஒவ்வொரு சுற்றிலும் கணக்கை அங்கேயே முடித்தாக வேண்டும். எத்தனை கோர் இருந்தாலும் இந்தத் தொல்லை போகாது.

சரி, உங்கள் பக்கத்தில் எது காரணம்? குரோம் டெவ்டூல்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து பதிவு செய்யுங்கள். 'ரீகால்குலேட் ஸ்டைல்' என்ற கட்டத்தைக் கிளிக் செய்தால் எத்தனை எலிமெண்ட்கள் பாதிக்கப்பட்டன என்று காட்டும். ஒரு பட்டனுக்காக அங்கே ஆயிரக்கணக்கில் எண் வந்தால், முதலில் ரூட்டைப் பாருங்கள்.