கடல் சிலந்திக்குப் பத்துக் காலா? குடியாத்தம் அம்மாவுக்குப் பதில்

வணக்கம். இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான் எடுத்துக்கப் போறேன். அஞ்சு நாளா என்னைத் தூங்க விடல அது.

குடியாத்தத்துல இருந்து ஒரு அம்மா படம் அனுப்பியிருக்காங்க. பையன் ஸ்காட்லாந்துல படிக்கிறானாம். கடல் உள்வாங்கின நேரத்துல பாறையோரம் கல்லைப் புரட்டினா, அடியில கடல் தாமரை (பூ மாதிரி இருக்கற ஒரு கடல் பிராணி) பக்கத்துல இந்தக் கடல் சிலந்தி ஒட்டிக்கிட்டிருந்திருக்கு. "சார், எட்டுக் கால் இருக்கு, சரி. முன்னாடி அடிப்பக்கம் மெல்லிசா இன்னும் ரெண்டு மடிஞ்சிருக்கே, இது பத்துக் கால் சிலந்தியா? கடிக்குமா?"னு கேட்டிருக்காங்க.

கடிக்காதும்மா. அதுக்குக் கடிக்கிற வாயே இல்ல, உறிஞ்சு குழல்தான். கடல் தாமரைமேல அதைக் குத்தி உறிஞ்சும். நம்ம வீட்டுச் சிலந்திக்குத் தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான்.

இப்போ காலுக்கு வருவோம். நம்ம வேலூரைப் பத்தி என்ன சொல்வாங்க? மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். இல்லாததை வெச்சே ஊரை அடையாளம் சொல்லிட்டாங்க பாருங்க! பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும், வண்டு வீடியோவுலயும் இதைத்தான் சொன்னேன். இருக்கறதை எண்றதுக்கு முன்னாடி இல்லாததை எண்ணுங்க. கடல் சிலந்திக்கு இது அப்படியே பொருந்தும். நுரையீரல் இல்ல, செவுளும் இல்ல. தோல் வழியாவே மூச்சு. வயிறுன்னு பார்த்தா பின்னாடி ஒரு சின்ன மொட்டு. உடம்புல இடம் பத்தாம குடல் காலுக்குள்ள ஓடுது. பொட்டைக்கு முட்டை விளையறதும் காலுக்குள்ளதான். அந்தக் குடல் நெளியறப்போ ரத்தமும் சேர்ந்து நகருதுன்னு 2017-ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு.

இனம் கண்டுபிடிக்க முகத்துப் பக்கம் ரெண்டு உறுப்பைத் தேடணும். ஒண்ணு இடுக்கி, நண்டுக்கு இருக்கற மாதிரி, ரொம்பக் குட்டியா. இன்னொண்ணு தடவிப் பார்க்கற கால். ரெண்டும் இருந்தா நிம்ஃபான் வகையா இருக்கலாம். இடுக்கி இருந்து தடவுகால் இல்லன்னா ஃபாக்ஸிகிலிடியம். தடவுகால் நீளமா இருந்து, வளர்ந்ததுக்கு இடுக்கி இல்லன்னா கோலோசெண்டிஸ். ஆழ்கடல்ல கால் விரிச்சா அறுபது எழுபது சென்டிமீட்டர் வர்ற ராட்சசங்க அதுலதான்.

நம்ம படத்துல? ரெண்டுமே இல்ல. கூம்பு மாதிரி குழல், முதுகு நடுவுல முண்டு முண்டா மேடு, குட்டை குட்டையா தடிச்ச கால். இது பிக்னோகோனம் லிட்டோரேல். பிக்னோகோனம்னா தடிச்ச முழங்கால்னு அர்த்தம், லிட்டோரேல்னா கரையோரத்தது. முட்டையில இருந்து வர்றப்போ இதுக்கும் இடுக்கி இருக்கும், வளர்றப்போ போயிடும். நம்ம கோட்டைக் கோயிலுக்கு 1981-ல சாமி திரும்பி வந்துட்டாரு. இதோட இடுக்கி திரும்பி வராது.

நான் வாத்தியாரா இருந்த ஒரு பள்ளிக்கூடத்துல ஃபார்மலின் பாட்டில் ஒண்ணு, மேல "கடல் சிலந்தி"ன்னு சீட்டு. மூணு வருஷம் அதைக் காட்டியே பாடம் நடத்தினேன். ஒரு பையன், "சார், இதுக்கு நண்டு ஓடு இருக்கே"ன்னான். சிலந்தி நண்டு! நீட்டு நீட்டான காலையே பார்த்துக்கிட்டிருந்தவன், ஓடு இருக்கக் கூடாதேன்னு யோசிக்கவே இல்ல. இன்னிக்கும் வெக்கமா இருக்கு.

அப்போ அந்த மெல்லிசு கால் ரெண்டு? நிஜமாவே நடக்கறதுக்குப் பத்துக் கால் உள்ள கடல் சிலந்தியும் உண்டு. டெகோலோபோடா ஆஸ்ட்ராலிஸ், தென்துருவக் கடல்ல. ஜேம்ஸ் எய்ட்ஸ்னு ஒரு அமெரிக்கர் 1835-லயே எழுதிட்டார். ரொம்ப காலம் யாரும் பெருசா எடுத்துக்கல. 1902-ல கிளம்பின ஸ்காட்லாந்துக் கப்பல் பயணத்துல மறுபடியும் கிடைச்சப்புறம்தான் நம்பினாங்க. பன்னெண்டு கால் உள்ளதும் இருக்கு.

ஆனா உங்க பையனோடது அது இல்லம்மா. அந்த ரெண்டும் நடக்கற காலே இல்ல, முட்டை சுமக்கற கால். நிம்ஃபான்ல ஆண், பெண் ரெண்டுக்கும் இருக்கும். இந்த இனத்துல ஆணுக்கு மட்டும்தான். அப்போ படத்துல இருக்கறது அப்பா! நீங்க "இது ஆணா பொண்ணா"ன்னு கேட்டிருந்தா நான் ரெண்டு மணி நேரம் பேசியிருப்பேன். பொட்டை முட்டை போட்டதும் வாங்கி, தன் அடிவயித்துப் பக்கம் சுமந்துக்கிட்டு, குஞ்சு பொரியற வரைக்கும் அலையறது ஆண்தான். கடல் சிலந்திங்கள்ல பெரும்பாலும் இதான் வழக்கம். எங்க வீட்டம்மா இந்த இடத்துல ஒரு பார்வை பார்ப்பாங்க, அதை விடுங்க.

தம்பி கிட்ட சொல்லுங்கம்மா, அடுத்த தடவை அடிப்பக்கமா ஒரு படம் எடுக்கச் சொல்லுங்க. தட்டையா அப்பம் மாதிரி ஒட்டிக்கிட்டிருந்தா அது முட்டை. படத்தை எனக்கு அனுப்புங்க. எடுத்ததும் கல்லை இருந்த மாதிரியே கவுத்து வைக்கணும், அதையும் சொல்லிடுங்க.