பழைய பாணி பர்கர் கடை நண்பர்களைச் சேர்த்து வைக்கிறது

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் வாதாடி அமர்ந்திருக்கும் நண்பர்களே, கலிஃபோர்னியாவின் இந்த மாலைப் பொழுதில் தமிழ் கேட்க வந்திருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம். ‘பழைய பாணி பர்கர் கடை நண்பர்களைச் சேர்த்து வைக்கிறதா, பழமையை விலைபேசி விற்கிறதா?’ என்னும் தலைப்பில், சேர்த்து வைக்கிறது என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய சகோதரி, பளபளக்கும் குரோமிய விளிம்பும் சிவப்பு ரெக்சின் இருக்கையும், காசு போட்டால் பாட்டு ஒலிக்கும் ஜூக் பாக்ஸ் பெட்டியும் வெறும் ஜோடனை என்றார். அந்த ஜோடனைக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம் என்றார். குரோமியத்துக்காக வாதாட எனக்கு விருப்பமில்லை. அந்தக் கடையின் நீண்ட கவுன்டரையும், அதற்கு அப்பால் கண்ணெதிரே சூடேறிக் கிடக்கும் கல்லையும் நடுவர் பார்க்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் 1921-இல் வால்ட் ஆண்டர்சனும் பில்லி இங்ரமும் ஒயிட் கேசில் கடையைத் தொடங்கியபோது ஒரு பர்கரின் விலை 5 சென்ட். அரைத்த இறைச்சி என்றாலே அதில் என்ன கலந்திருக்குமோ என்று மக்கள் அஞ்சிய காலம் அது. அந்த அச்சத்தைப் போக்குவதற்காகவே கடையை வெண்மையாகக் கட்டி, சமையலை வாடிக்கையாளரின் பார்வைக்கு நேரே நடத்தினார்கள். நம்பிக்கைக்காகச் செய்த அந்த ஏற்பாடு, பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்திருப்பவர்கள் ஒரே காட்சியைப் பார்த்தபடி பேசுவதற்கும் வழி செய்துவிட்டது. இன்றைய பழைய பாணிக் கடைகளில், நம் தோசைக்கல்லைப் போன்ற இரும்புக் கல்லில் இறைச்சி உருண்டையை வைத்து, அகலமான கரண்டியால் ஓங்கி அழுத்துகிறார்கள்; கொழுப்பு உருகி, விளிம்பு மெல்லிய சரிகைபோல முறுகிப் பழுப்பேறுகிறது; அதன் ஓரமாகவே வெண்ணெய் தடவிய ரொட்டி குப்புறக் கிடந்து வாட்டம் பெறுகிறது. பசியோடு காத்திருக்கும் நான்கு நண்பர்கள் அந்தச் சில நிமிடங்களில் கைப்பேசியை எடுப்பதில்லை என்பதை நான் பல முறை கவனித்திருக்கிறேன்.

ஓக்லஹோமாவின் எல் ரீனோ என்னும் சிற்றூரிலோ, கையில் காசில்லாத காலத்தில் இறைச்சியைக் குறைத்து, சீவிய வெங்காயத்தை அதனுள் அழுத்திப் பொரித்துக் கொடுத்தார்கள். வறுமையில் பிறந்த அந்த வெங்காய பர்கரை இன்றும் அவ்வூர்க் கடைகளில் விரும்பி உண்கிறார்கள். சட்டைப்பையில் சில்லறை மட்டுமே இருப்பவனும் நண்பர்களோடு சமமாக உட்கார வேண்டும் என்பதற்காக உருவான உணவை, பகட்டை விற்கும் பண்டம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அடுத்து, பர்கர் என்பதே அவசரத் தீனி, அதில் நட்புக்கு இடமேது என்று எதிரணித் தலைவர் கேட்டார். அவசரம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இந்த மேடையிலிருந்து காரில் போய்விடக்கூடிய சான் பெர்னார்டினோ நகரில், ரிச்சர்ட், மாரிஸ் மெக்டொனால்டு சகோதரர்கள் 1940-இல் நடத்தத் தொடங்கிய கடை, காருக்கே உணவைக் கொண்டுவந்து கொடுக்கும் பணிப்பெண்கள் நிறைந்த கடையாக இருந்தது. பதின்வயதினர் கூட்டம் கூட்டமாக வந்து நெடுநேரம் நின்றுவிட, குடும்பங்கள் வரத் தயங்கின. சகோதரர்கள் 1948-இல் கடையைச் சில மாதங்கள் மூடி, பணிப்பெண்களையும் பீங்கான் தட்டுகளையும் நீக்கி, உணவுப் பட்டியலைச் சுருக்கி, 15 சென்ட்டுக்கு பர்கரை நொடியில் நீட்டும் முறையோடு மீண்டும் திறந்தார்கள். பின்னர் அந்த நிறுவனத்தை நாடெங்கும் பரப்பிய ரே கிராக், தம் கடைகளில் ஜூக் பாக்ஸ் கூடாது என்று விதித்தார். பாட்டு இருந்தால் இளைஞர்கள் உட்கார்ந்துவிடுவார்கள் என்பதே காரணம்! சகோதரி ஜோடனை என்று ஒதுக்கிய அந்தப் பெட்டி, நண்பர்களை இருத்தி வைக்கும் ஆற்றலுடையது என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சியை நான் எங்கே தேடுவேன்? லாஸ் ஏஞ்சலஸ் மெல்ரோஸ் அவென்யூவில் 1986-இல் ஜானி ராக்கெட்ஸ் என்னும் பழைய பாணி பர்கர் கடை தொடங்கியபோது திரும்பி வந்தவை, அவசரம் வெளியேற்றிய அதே கவுன்டரும் அதே ஜூக் பாக்ஸும்தான்.

மில்க்‌ஷேக்கையும் மறந்துவிடக் கூடாது. உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றியது போக, கலக்கிய எவர்சில்வர் குவளையையும் அதில் மிஞ்சிய பாலோடு மேசைமேல் வைத்துவிட்டுப் போவது பல கடைகளில் இன்றும் வழக்கம். அந்த மிச்சம் யாருக்கு என்பதில் தொடங்கும் செல்லச் சண்டையில் எத்தனை பேச்சு பிறக்கிறது! மாட்டிறைச்சி உண்ணாத, புலால் அறவே மறுக்கும் நண்பர்கள் நம் கூட்டத்தில் உண்டு. பாலாடைக்கட்டி வைத்து வாட்டிய ரொட்டியோடு அவர்களும் அதே வரிசையில் அமர்கிறார்கள்.

எதிரணியின் கனமான வாதத்துக்கு வருகிறேன். இந்தக் கடைகள் கொண்டாடும் 1950-களில் கறுப்பின மக்கள் பல கவுன்டர்களில் அமர முடியாது, ஆகவே இது பொய்யான பழமை என்றார் சகோதரி. அந்தக் கொடுமையை நான் மறைக்க மாட்டேன். வட கரோலைனாவின் கிரீன்ஸ்பரோவில் 1960 பிப்ரவரி 1 அன்று, நான்கு கறுப்பின மாணவர்கள் வுல்வொர்த் கடையின் உணவுக் கவுன்டரில் அமர்ந்து காப்பி கேட்டார்கள், மறுக்கப்பட்டபோதும் எழவில்லை. மறுநாள் மேலும் பலர் வந்து அமர்ந்தார்கள்; போராட்டம் தெற்கு மாநிலங்களெங்கும் பரவியது; அவ்வாண்டு ஜூலையில் அந்தக் கவுன்டர் எல்லோருக்கும் திறந்தது. அந்த மாணவர்கள் வந்தது பசியாற அல்ல. எல்லோரையும்போல அங்கே உட்காரும் உரிமைக்காக வந்தார்கள். சேர்ந்து உட்கார்வது அற்பமான காரியமாக இருந்திருந்தால், அதை மறுத்தவர்கள் அவ்வளவு வன்மத்தோடு மறுத்திருக்கவும் மாட்டார்கள், கேட்டவர்கள் அவ்வளவு உறுதியோடு கேட்டிருக்கவும் மாட்டார்கள். இன்று எந்நிறத்தவரும் தோளுரசி அமரும் கவுன்டர், அவர்கள் வென்று கொடுத்த கவுன்டர்.

கடைசியாக, வீட்டிலேயே கூடி உண்ணலாமே என்று கேட்டார்கள். உண்ணலாம், அந்த அன்புக்கு ஈடில்லை. ஆனால் நம் வீட்டு விருந்துகளில், எல்லோரும் சிரித்துப் பேசும்போது ஒருவர் மட்டும் அடுப்படியில் நிற்கிறார். அவர் பெரும்பாலும் பெண்ணாக இருக்கிறார். பேச்சு முடிந்து ஆறிய சோற்றோடுதான் அவர் வந்து உட்காருகிறார். பர்கர் கடையின் கவுன்டரில் அவருக்கும் முதலிலிருந்தே ஓர் இருக்கை இருக்கிறது, சூடான தட்டு இருக்கிறது, பேச்சில் பங்கு இருக்கிறது. நடுவர் ஐயா தீர்ப்பு எழுதும்போது அவரையும் நண்பர் கணக்கில் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டி அமர்கிறேன். வணக்கம்.