மேடையேறிப் பதில் சொன்ன பேராசிரியர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டில் ‘பேராசிரியர்’ என்றதும் பலருக்கு ஓர் அரசியல் தலைவர்தான் நினைவுக்கு வருவார். பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் நடத்திய க. அன்பழகன் அமைச்சரான பிறகும் கடைசிவரை பேராசிரியர்தான். வகுப்பறையிலிருந்து மேடைக்குப் போவது இங்கே புதிதில்லை. நான் இன்று பேச வந்தது வேறு வகையினரைப் பற்றி. புத்தகம் எழுதி, படித்ததையும் எழுதியதையும் வைத்து ஊர் நடுவில் நின்று வாதாடியவர்கள்.

அப்படி ஒரு நாள் நம் சேலத்துக்கே உண்டு. 1943 மார்ச் 14. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று சுயமரியாதை இயக்கத்தார் பேசிக்கொண்டிருந்த காலம். கொளுத்தலாம் என்று அண்ணா, கூடாது என்று நாவலர் சோமசுந்தர பாரதியார். ஒரு மாதம் முன்னால்தான், பிப்ரவரி 9 அன்று, சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா.பி. சேதுப்பிள்ளை அண்ணாவோடு இதே வாதத்தில் மோதியிருந்தார். சேதுப்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர். பாரதியார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்தவர்.

இந்தப் பாரதியாரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். எட்டயபுரத்துக்காரர், மகாகவிக்கு இளமைத் தோழர். தூத்துக்குடியில் வக்கீல் தொழில், வ.உ.சி.யோடு நெருக்கம். பேராசிரியர் வேலை அப்புறம் வந்ததுதான். 1937-38 இந்தி எதிர்ப்பில் முன்வரிசையில் நின்றார். அப்போது ஆட்சியில் இருந்தவர் சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி. அந்தப் போராட்டத்தில் அண்ணாவும் இவரும் ஒரே அணி. சேலத்தில் எதிரெதிர் அணி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘தசரதன் குறையும் கைகேயி நிறையும்’ என்று தலைப்பிலேயே தசரதன்மேல் குற்றம் சாட்டி நூல் எழுதியவர் இவர். ராமாயணத்தைக் கண்ணை மூடிக் கும்பிட்டவர் இல்லை. ஆனாலும் கொளுத்துவது என்று வந்தபோது, ‘நமக்கெதற்கு வம்பு’ என்று வீட்டில் உட்காராமல் சேலத்துக்கு வந்து வாதாடினார். ஜெயித்தது யார் என்று இன்றைக்கும் இரண்டு கட்சி கட்டலாம். எனக்குப் பெரிதாகப் படுவது அவர் வந்ததுதான்.

சரி, இப்போது என்ன எழுதுகிறோம்? நானும் கல்லூரியில் வேலை பார்த்தவன், உள்ளே நடப்பது தெரியும். பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கட்டுரைக்கு இத்தனை, நூலுக்கு இத்தனை என்று மதிப்பெண் வைத்தது. அப்புறம் கருத்தரங்கத் தொகுப்புகள் பெருகின. பணம் கட்டினால் நாலு பக்கக் கட்டுரை தலையணை கனத் தொகுப்பில் ஏறிவிடும். பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ், மத்தியானம் சாம்பார் சாதம், கையில் ஒரு பிரதி. அந்தப் பிரதியில் தன் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துப் பதவி உயர்வுக் கோப்பில் வைப்பார்கள். மற்ற பக்கங்களை யார் படித்தார்கள்? பக்கத்து அறைக்காரர்கூடப் படித்திருக்க மாட்டார். எழுதினால் வம்பு வரும் என்ற பயம் வேறு. ஆத்தூரிலும் நாமக்கல்லிலும் அரசுக் கல்லூரியில் தமிழ் நடத்திய பெருமாள்முருகன், ஒரு நாவலுக்காக 2015இல் ‘எழுத்தாளன் செத்துவிட்டான்’ என்று அறிவிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நாவலைப் பற்றி ஊரெல்லாம் பேசியது. அதே மனிதர் கொங்கு வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதி போட்டதைப் பேசியவர்கள் குறைவு.

எழுதுவது தமிழ்த்துறைக்காரர் பாடு என்று மற்ற துறையினர் ஒதுங்குவதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாம் எழுந்து நின்று பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து 1891இல் வெளியான ‘மனோன்மணீயம்’ நாடகத்தில் உள்ளது. எழுதிய சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். நம் ஊரில் மண்ணியல், தாவரவியல், பொருளியல் ஆசிரியர்களுக்கு விஷயத்துக்கா பஞ்சம்? ஏற்காடு அடிவாரத்து வெள்ளைக்கல், சேர்வராயன் மலையில் தோண்டிய பாக்சைட், காபித் தோட்டக் கூலி, இம்மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களின் காடும் பேச்சும். எளிய தமிழில் அறுபது பக்கம் எழுதினால் மலைக்காரர்களே வாங்குவார்கள்.

நேயர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். முனைவர் பட்டம் கொடுக்கும் முன் ‘பொது வாய்மொழித் தேர்வு’ நடக்கும். பொது என்றால் யாரும் போகலாம், கேள்வியும் கேட்கலாம். ஆனால் வருவது பெரும்பாலும் துறை ஆட்களும் ஆய்வாளரின் வீட்டாரும்தான். கேள்வி இரண்டு, பொன்னாடை நாலு, அப்புறம் மிக்சர், டீ. அடுத்த முறை நம் மலையைப் பற்றிய ஆய்வு என்று கேள்விப்பட்டால் ஏற்காட்டிலிருந்து நாலு பேராவது பஸ் ஏறி வாருங்கள். “காபிக்கு விலை இறங்கினால் எங்களுக்கு என்ன ஆகும், அதை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.

வணக்கம்.